ஞாயிற்றுக்கிழமைக் கனடா

சிதம்பரம்
22.4.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் புதுமனை புகுவிழாப் பத்திரிகை வந்தது. என் போன் நம்பரை நீ பிளாக் செய்து வைத்திருப்பதால் பதிலைத் தபாலில் எழுதுகிறேன். தபால்காரரை பிளாக் செய்யும் வசதி இன்னும் வரவில்லை.

பத்திரிகை நல்ல கனம். திறந்தவுடன் பிள்ளையாருக்கும் முன்னால் நம் ராஜ்கமல் நிற்கிறான், கோட்டும் டையுமாக. அவன் கோட்டு போட்டு நான் பார்த்ததில்லை. கல்லூரி அடையாள அட்டையில் இருந்த தலையை எடுத்து அச்சகத்துக்காரர் வேறு யாருடைய உடம்பிலோ வைத்திருக்கிறார். கழுத்து கொஞ்சம் இடதுபக்கம் விலகியிருக்கிறது. கீழே 'கனடா வாழ் அன்புத் தம்பி' என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறாய்.

அவனை நான் பார்த்தேன். இதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். உயிரோடு இருக்கிறான்.

போன வாரம் எங்கள் தலைமையாசிரியர் மகளுக்கு இங்கே ஒரு மண்டபத்தில் கல்யாணம். இரண்டாவது பந்தியில் உட்கார்ந்தேன். ரசம் ஊற்றிய கையில், மணிக்கட்டுக்கு மேலே, குடிகாட்டில் நம் வீட்டுக் கிணற்றுக் கயிறு அறுத்த தழும்பு இருந்தது. நிமிர்ந்தேன். அவனும் பார்த்தான். ஓடிவிடுவான் என்று நினைத்தேன். "ரசம் போதுமாக்கா?" என்று கேட்டான், பந்தியில் எல்லா அக்காக்களிடமும் கேட்கிற மாதிரி. போதும் என்றேன். அடுத்த இலைக்குப் போய்விட்டான்.

மண்டபத்தின் பின்பக்கம் அண்டா கழுவுகிற இடத்தில் காத்திருந்து பிடித்தேன். ஒரு கேட்டரிங்காரரிடம் வேலை செய்கிறான். அம்மா எப்படியிருக்கிறாள் என்று மட்டும் கேட்டான்.

அண்ணா, அவன் கனடா போகவில்லை என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். 'ஏஜென்ட் ஏமாத்திட்டான், தேடாதீங்க' என்று அவன் அனுப்பிய மெசேஜை நீ எனக்குக் காட்டினாய். போலீஸில் சொல்லலாம் என்று நான் சொன்னேன். நீ ஊரில் 'நல்லபடியா போய்ச் சேந்துட்டான்' என்று சொன்னாய். அன்றைக்கு நின்ற பேச்சு இது. மூன்றாவது வருடம் நடக்கிறது. இனிமேல் தேட வேண்டியதில்லை. வந்து அவனைப் பார். அம்மாவிடம் சொல்.

அருள்மொழி

*

கடலூர்
27.4.2024

அன்புத் தங்கை அருள்மொழிக்கு,

கடிதம் கிடைத்தது. கடைக்கு வந்ததால் சரியாகப் போயிற்று. வீட்டுக்கு வந்திருந்தால் ரேகா பிரித்திருப்பாள். உன் அண்ணிக்கும் தம்பி கனடாவில்தான் இருக்கிறான் என்பதை நினைவில் வைத்துக்கொள்.

நீ பார்த்தது அவனாக இருக்க முடியாது. கையில் தழும்பு உள்ளவர்கள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர். ரசம் ஊற்றுகிற அவசரத்தில் யாரும் யார் மாதிரியும் தெரிவார்கள். நீ நிறையக் கதைப் புத்தகம் படிக்கிறாய்.

மேலே உள்ளதை எழுதிவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். எப்படி இருக்கிறான்? இளைத்திருக்கிறானா?

ஆனால் இப்போது அவன் வரக்கூடாது. நீ மாதச் சம்பளக்காரி, உனக்கு இது புரியாது. என்னுடைய டைல்ஸ் கடைக்கு முன்பெல்லாம் கம்பெனிக்காரன் சரக்கு அனுப்புவதற்கு முன் பத்து முறை யோசிப்பான். 'தம்பி கனடாவில்' என்று ஆன பிறகு லாரி தானாக வந்து நிற்கிறது. பாங்க் மேனேஜர் நாற்காலியைக் காட்டுகிறார். கோயில் திருவிழாவில் பரிவட்டம் கட்டினார்கள். நான் எதுவும் கேட்கவில்லை, அருள். ஊரே கொண்டுவந்து கொடுத்தது. கொண்டுவந்து கொடுப்பதை வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அதனால்தான் வீட்டை மூன்று மாடியாகக் கட்ட வேண்டியதாயிற்று. இரண்டு மாடி போதும் என்றுதான் பிளான் போட்டேன். "கனடா காசு, ரெண்டு மாடிக்கு மேல ஏறாதா மச்சான்?" என்று ஒருவன் டீக்கடையில் கேட்டான். அதோடு முடிந்தது.

இன்னொன்று. பண்ருட்டியில் முந்திரி ஆலை வைத்திருக்கும் ஞானசேகரன் தன் மகள் பவானியை ராஜ்கமலுக்குக் கேட்கிறார். புகுவிழாவுக்குக் குடும்பத்தோடு வருகிறார். அந்தப் பெண் கனடாவின் குளிரைப் பற்றி இப்போதே படிக்க ஆரம்பித்துவிட்டதாம்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று நினைத்தேன், சொல்கிறேன். கட்டுகிற வீட்டுக்குத் திருஷ்டி பொம்மை கட்ட கொத்தனார் பழைய துணி கேட்டிருக்கிறார். அம்மா பெட்டியைத் திறந்து ராஜ்கமலின் கட்டம் போட்ட சட்டையை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். வைக்கோல் அடைத்து, பூசணித் தலை வைத்து, மூன்றாவது மாடியில் ரோட்டைப் பார்த்து நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் வண்டியில் திரும்பும்போது அவன் மாடியில் நின்று என்னைப் பார்ப்பது போல இருக்கிறது. இப்போதெல்லாம் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறேன்.

இளவரசு

*

சிதம்பரம்
4.5.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இளைக்கவில்லை. தினம் கல்யாணச் சாப்பாடு.

இந்த முறை என் வீட்டுக்கே வந்தான். கொடியில் காய்ந்த துணியை மடித்துக்கொண்டே சொன்னான். ஏஜென்ட் ஏமாற்றிவிட்டான் என்று அவனுக்குத் தெரிந்தது கிளம்புவதற்கு முந்தைய நாள். அதற்குள் நீ பஸ் ஸ்டாண்டிலும் குடிகாட்டு முனையிலும் பேனர் வைத்துவிட்டாய். வேன் பேசிவிட்டாய். மாமா ரெண்டு பேர் புது வேட்டி வாங்கிவிட்டார்கள். "பேனர்ல என் மூஞ்சி அவ்ளோ பெருசா இருந்துச்சுக்கா. அதுக்குக் கீழ நின்னு போவலன்னு எப்படிச் சொல்றது?" என்று கேட்டான்.

அதனால் விமான நிலையத்துக்கு வந்தான். மாலையைப் போட்டுக்கொண்டான். அம்மா திருநீறு பூசினாள். வேனை நிறுத்தக் கூடாது என்று போலீஸ்காரர் விரட்டினார். நீங்கள் எல்லோரும் கையாட்டிக்கொண்டே போனீர்கள். வேன் மறைந்ததும் பெட்டி வைத்த தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு மெட்ரோ ரயில் ஏறப் போனான். கனடாவுக்குப் புறப்பட்டவன் கோயம்பேட்டில் இறங்கினான். மாலையை எங்கே போடுவது என்று தெரியாமல் ஒரு டீக்கடைச் சாமி படத்துக்குப் போட்டானாம். டீ இலவசமாகக் கிடைத்தது.

பிறகு பல ஊர், பல வேலை. சிதம்பரத்துக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. கடலூருக்கு இவ்வளவு பக்கத்தில் ஏன் வந்தாய் என்று கேட்டேன். துணியை மறுபடி பிரித்து மடித்தான்.

வீட்டுக்கு வா என்றேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்தக் கனடாக்காரன் நல்லா இருக்கான்க்கா. அண்ணனுக்குக் கடை குடுத்தான், வீடு குடுத்தான். அம்மாகிட்ட வாராவாரம் பேசறானாம், யாருன்னு சொல்லாம விசாரிக்கச் சொன்னேன், சகாயநாதன் அண்ணன் கடலூர் போனப்ப கேட்டுட்டு வந்து சொன்னாரு. நான் எதையும் குடுத்ததில்ல. நான் வந்தா அவன் செத்துருவான். அவன ஏன் சாவடிக்கணும்?"

சகாயநாதன் என்பது அவனுடைய முதலாளி.

அண்ணா, 'கமலு ஞாயித்துக்கெழம பேசினான்' என்று அம்மா சொன்னபோதெல்லாம் ஆசையில் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். ராஜ்கமல் என் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் கனடாவிலிருந்து அம்மாவிடம் பேசுகிறவன் யார்?

அருள்மொழி

*

கடலூர்
12.5.2024

அருளுக்கு,

நான்தான். வேறு யார் இருக்கிறார்கள்?

வேண்டுமென்று ஆரம்பிக்கவில்லை. அவன் கிளம்பிப் போன அந்த மாதம் முழுக்க அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோறு இறங்கவில்லை. ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று நான் சொல்லியாகிவிட்டது, போன் மட்டும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடோனிலிருந்து வேறு சிம்மில் அவளைக் கூப்பிட்டேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் கூப்பிட்டேன், நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே "கமலு?" என்றாள். அப்படி ஒரு குரலில் என்னை அவள் கூப்பிட்டதே இல்லை. "ஆமாம்மா" என்றேன். அன்றைக்கு ராத்திரி இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

எங்கள் இருவருக்கும் ஒரே குரல். அப்பாவே போனில் அவனை நினைத்துக்கொண்டு என்னைத் திட்டியிருக்கிறார். ராஜ்கமல் 'யம்மா' என்பான், வாக்கியத்தை முடிக்காமல் விடுவான். அதைப் பழகிக்கொண்டேன். பனி எவ்வளவு பெய்கிறது என்பதை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வேன். புதுச்சேரி போய் சாக்லேட்டும் சென்ட்டும் வாங்கிவந்து கனடா பார்சல் என்று பங்கு வைப்பேன். இதெல்லாம் சுலபம்.

சுலபமில்லாத ஒன்று இருக்கிறது. அம்மா அவனிடம் என்னைப் பற்றிப் பேசுகிறாள்.

வீட்டில் அவள் என்னிடம் என்ன பேசுகிறாள் என்று யோசித்துப் பார்த்தேன். தண்ணீர் வந்துவிட்டது, மாத்திரை தீர்ந்துவிட்டது, கதவைச் சாத்து. அவ்வளவுதான். போனில் கமலுவிடம், "ஒன் அண்ணன் தட்டுல என்னா இருக்குன்னு பாக்காமலே துன்றான்டா" என்கிறாள். "சின்னதுல மழ பேஞ்சா கொடைய ஒங்க அக்காகிட்ட குடுத்துட்டு அவன் நனஞ்சிகிட்டு வருவான். அப்படிப்பட்ட புள்ள" என்கிறாள். எனக்கு அந்தக் குடை ஞாபகமே இல்லை. உனக்கு இருக்கிறதா? போன மாதம், "அவன் என்னாத்துக்கு இப்படி ஓடறான்னு நீ கேளேன் கமலு. நான் கேட்டா எரிஞ்சி வுழுவான்" என்றாள். கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு டைல்ஸ் பெட்டிமேலிருந்து எழுந்து குடோனைப் பூட்டினேன். யாரிடம் கேட்பது?

பிறகு வீட்டுக்குப் போனேன். அம்மா கதவைத் திறந்து, "தண்ணி வரல" என்றாள்.

அவன் வந்தால் அவள் அவனிடமே பேசிக்கொள்வாள். நியாயம்தான். என்னிடம் யார் பேசுவார்கள் என்று நீ எழுது, அவனை நானே வண்டி வைத்து அழைத்து வருகிறேன்.

புகுவிழா முடியட்டும். அதுவரை அவனை அங்கேயே வைத்துக்கொள்.

இளவரசு

*

சிதம்பரம்
20.5.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

குடை எனக்கும் ஞாபகம் இல்லை. அம்மா சொன்னால் நடந்திருக்கும்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத முயன்று மூன்று தாளைக் கிழித்தேன். அதை விடு. இப்போது வேறு ஒன்றை அவசரமாகச் சொல்ல வேண்டும்.

உன் விருந்துக்கு உள்ளூர்ச் சமையல்காரர் வேண்டாம், சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் சிதம்பரத்துக்காரன் கைப்பட வேண்டும், பண்ருட்டிச் சம்பந்தி அசந்துபோக வேண்டும் என்று நீ ஆளனுப்பிப் பிடித்திருக்கும் கேட்டரிங்காரரின் பெயரைக் கேட்டாயா? சகாயநாதன். ராஜ்கமல் நேற்று வந்து சொல்லிவிட்டுப் போனான். விலாசத்தைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த கரண்டி விழுந்ததாம்.

லீவு கேள் என்றேன். வைகாசி முகூர்த்தத்தில் லீவு கேட்பவனுக்கு மறுநாள் வேலை இல்லையாம்.

அருள்மொழி

*

கடலூர்
24.5.2024

அருளுக்கு,

காலையிலிருந்து பதினோரு கேட்டரிங்காரர்களுக்குப் போன் போட்டேன். அந்த முகூர்த்தத்துக்கு வெறும் மோர் கொடுக்கக்கூட மாவட்டத்தில் ஆள் இல்லை. அட்வான்ஸைத் திரும்ப வாங்காமலே விட்டுவிடுகிறேன், வராதீர்கள் என்று சகாயநாதனிடம் சொல்லிப் பார்த்தேன். "என் சமையல்ல என்னா கொறை கேள்விப்பட்டீங்க?" என்று அவர் கோபித்துக்கொண்டு, பேரை நிலைநாட்டுவதற்காக இன்னும் நாலு ஆள் கூடுதலாகக் கூட்டி வருகிறேன் என்கிறார்.

சரி, வரட்டும். சமையல்கட்டோடு நிற்கச் சொல். தொப்பியும் முகக்கவசமும் போடச் சொல். பந்திக்கு வரவேண்டாம். அவன் படம் போட்ட பேனர் முன்பக்கம் இருக்கிறது, அந்தப் பக்கமே வரவேண்டாம்.

அவனிடம் இதைச் சொல்லும்போது நான் சொன்னதாகச் சொல்லாதே.

இளவரசு

*

சிதம்பரம்
13.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா என்னோடு வந்து நாலு நாளாகிறது. நன்றாக இருக்கிறாள். நீ வாசலில் பெரிய மனிதர்களை வரவேற்றுக்கொண்டிருந்ததால் அன்றைக்குப் பாதியைப் பார்க்கவில்லை. மீதியை எழுதுகிறேன்.

விடிகாலையில் கொத்தனார் திருஷ்டி பொம்மையை இறக்கி எரிக்கக் கொண்டுபோனார். அம்மா வழியில் நிறுத்தினாள். உயிரோடு இருக்கிற பிள்ளையின் சட்டையை எரிக்கக் கூடாது என்று ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றி உருவிக்கொண்டாள். வைக்கோலும் பூசணியும்தான் எரிந்தன.

ராஜ்கமல் சொன்னபடி பின்பக்கமே இருந்தான். ஆனால் நீ அழைத்த கூட்டம் உன் வீட்டைவிடப் பெரிது. இரண்டாம் பந்தியில் பரிமாற ஆள் போதவில்லை, சகாயநாதன் கொத்சு வாளியை அவன் கையில் கொடுத்துத் தள்ளிவிட்டார். அவன் தன் பேனருக்குக் கீழேயே பரிமாறினான். மேலே கோட்டு போட்டவன் சிரிக்கிறான், கீழே முகக்கவசம் போட்டவன் குனிந்து போகிறான். நம் பெரிய மாமா அவனை நிறுத்தி, "கனடாவுல இந்தக் கொத்சுக்கு எங்க போவான் எங்க ராஜ்கமலு. பாவம், ரொட்டியத் துன்னுகிட்டுக் கெடப்பான். அவன் பங்கயும் சேத்து எனக்கு வுடுப்பா" என்றார். அவன் விட்டான். விமான நிலையத்துக்கு வந்து அவனைக் கட்டிப்பிடித்து அழுத அதே மாமா.

யாருக்கும் தெரியவில்லை, அண்ணா. முகக்கவசத்தால் இல்லை. அவன் நடையும் கையும் கண்ணும் திறந்துதான் இருந்தன. அவன் அங்கே இருக்க முடியாது என்று எல்லோருக்கும் உறுதியாகத் தெரிந்திருந்தது.

அப்போதுதான் நீ ஞானசேகரனைக் கைபிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தாய். நான் எதிர் வரிசையில் இருந்தேன். நீ அவனைப் பார்த்தாய். பார்த்தது எனக்குத் தெரியும், உன் கை பாக்கெட்டுக்குப் போய் எதையோ தேடியது. ஒரு வார்த்தை போதும் என்று நினைத்தேன். நான் தண்ணீர் தம்ளரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். நீ சொன்னாய்: "ஏம்ப்பா, ஐயாவுக்கு கொத்சு வை."

வைத்தான். ஒரு சொட்டுக்கூட இலைக்கு வெளியே விழவில்லை.

அடுத்து அம்மாவின் இலை. அம்மா நிமிரவில்லை. அவன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நீ சாப்டியாப்பா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினான். "எல்லாரும் துன்னுட்டுப் போனப்பறம் ஒக்காந்து துன்னு. நான் இங்கியே இருக்கறேன்" என்றாள். அப்புறம் மோர் வரை நிதானமாகச் சாப்பிட்டாள். கடைசிப் பந்தி முடிந்து, பாத்திரம் கழுவுகிற இடத்தில் அவன் இலை போட்டு உட்கார்ந்தபோது எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா இருந்தாள். அந்தச் சட்டை மடியில் இருந்தது. நான் கிட்டே போகவில்லை.

பஸ்ஸில் வரும்போது, உன் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி எப்படிச் சொல்வது என்று நான் தயங்கினேன். அவளே சொன்னாள். "பேசறது பெரியவன்னு மொத வாரமே தெரியும்டி. கனடாவுல எங்கடி திருப்பாப்புலியூர் ரயிலு வருது? அவன் பேசிகிட்டே இருக்கறப்ப ரயில்வே கேட்டு மணி அடிக்கிது, வண்டி போவுது."

பின்னே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நிறுத்திருவான். அவன் என்கிட்ட ஒக்காந்து பேசி எத்தினி வருசம் ஆச்சி. வேற பேர்லயாவது பேசறானேன்னு வுட்டுட்டேன். சின்னவன் எங்கியோ நல்லா இருப்பான்னு மனசு சொல்லிச்சி. பெரியவனப் பத்தி அப்படிச் சொல்லல."

அவளுக்குத் தெரிந்துதான் அவ்வளவும் சொல்லியிருக்கிறாள். குடை உட்பட. நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் இருந்த பதில் இதுதான், எனக்கே பஸ்ஸில்தான் கிடைத்தது.

ராஜ்கமல் முகூர்த்தம் இல்லாத நாட்களில் இங்கே வந்து சாப்பிடுகிறான். உன்மேல் கோபமா என்று கேட்டேன். "அண்ணனுக்கு அந்த நேரத்துல வேற என்னாக்கா சொல்ல வரும்?" என்றான். பவானி என்கிற அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஏதாவது சொல்லி நிறுத்து. அவள் குளிருக்குத் துணி வாங்குவதற்கு முன்.

அருள்மொழி

*

கடலூர்
24.6.2024

அருளுக்கு,

உன் கடிதத்தைக் குடோனில் வைத்துப் படித்தேன். பாதியில் ரயில் போயிற்று. இத்தனை வருடமாக அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

முதலில் ஞானசேகரன் விஷயம். போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் பண்ருட்டிக்குப் பஸ் ஏறினேன். அவர் முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகையிலிருந்து கைகழுவிக்கொண்டு ஓடிவந்து, ஆள் அனுப்பி இளநீர் வெட்டச் சொன்னார். இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்ல முடியவில்லை. தம்பி அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டான், மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் வருத்தப்பட்டார். ஆனால் இரண்டு நாளில் செய்தி கடலூருக்கு வந்துவிட்டது. வெள்ளைக்காரப் பெண்ணாம், டாக்டராம். நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது. கடைக்கு வருகிறவர்கள் கைகுலுக்குகிறார்கள். பாங்க் மேனேஜர் கல்யாண போட்டோ கேட்டார். டீக்கடையில் அடுத்து நாலாவது மாடியா என்று கேட்கிறார்கள். அவன் இனி என் கையில் இல்லை, அருள். என்னைக் கேட்காமலே அவன் முன்னேறிக்கொண்டிருக்கிறான்.

வீடு பெரிதாக இருக்கிறது. ரோட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்காக ரேகா எல்லா அறையிலும் விளக்குப் போட்டு வைக்கிறாள். மாடியில் யாரோ நடக்கிறார்கள் என்று பேசிக்கொள்கிறார்களாம். யாரும் நடக்கவில்லை. நான் மூன்றாவது மாடிக்கு இதுவரை ஏறவில்லை.

கொத்சு வைக்கச் சொன்னதைப் பற்றி எழுதியிருந்தாய். அவன் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அது எனக்கு மட்டும் தெரியும், நீ நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை. வாயிலிருந்து வந்தது அதுதான். அவன் குனிந்தபோது தலையில் இரண்டு மூன்று நரைமுடி தெரிந்தது. இருபத்தெட்டு வயதுதானே ஆகிறது அவனுக்கு.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கடை லீவு. போக வேண்டியதில்லை என்று எனக்கே தெரியும், ஆனாலும் குடோனைத் திறந்து வழக்கமான பெட்டிமேல் உட்கார்ந்தேன். பழைய சிம்மைப் போட்டேன். அம்மாவின் நம்பரைக் கூப்பிட்டேன். அம்மாதான் எடுத்தாள்.

பழக்கத்தில் 'யம்மா' என்று வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன். கேட் மணி அடிக்க ஆரம்பித்தது. அது அடித்து, வண்டி போய் முடியட்டும் என்று இருந்தேன். அவளும் போனை வைக்கவில்லை. முடிந்த பிறகு, "அம்மா, நான் கமலு இல்ல. இளவரசு பேசறேன்" என்றேன்.

அழுவாள் அல்லது திட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. புதிதாகப் பேசுகிற ஆளிடம் பேசுகிற மாதிரிப் பொறுமையாகச் சொன்னாள்.

"இளவரசா? அவன் எங்க இருக்கான்னு எனக்கே தெரியலியேப்பா. நல்லா இருக்கான்னு ஊர்ல எல்லாரும் சொல்றாங்க, பெரிய வீடெல்லாம் கட்டிட்டானாம். நான் பாத்து ரொம்ப நாள் ஆச்சி. நீ எங்கியாவது பாத்தீன்னா, அம்மா சிதம்பரத்துல இருக்கான்னு சொல்லு. வெறும் கையோட வந்தாப் போதும்னு சொல்லு."

"பாத்தா சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.